பன்னிரண்டாம் தேதி வரைக்கும்தான் தப்பு

போன வாரம் அக்கா பையன் போனைத் தூக்கிக்கொண்டு வந்தான். "மாமா, வாட்ஸ்அப் திறக்க மாட்டேங்குது. எந்த சைட்டும் வரலை." வாங்கிப் பார்த்தால் போனில் வருஷம் 2041. மிட்டாய் உடைக்கிற கேம் ஒன்றில் பயலுக்கு உயிர் எல்லாம் தீர்ந்துவிட்டதாம். தேதியை முன்னால் தள்ளினால் உயிர் திரும்ப வந்துவிடும் என்று ஸ்கூலில் எவனோ ஓதியிருக்கிறான். ஒரு நாள் தள்ளினாலே போதும். இவன் விரல் போன போக்கில் தள்ளியதில் காலேஜ், கல்யாணம் எல்லாம் தாண்டிப் போய்விட்டது :-)

காரணம் ரொம்ப சாதாரணம். ஒவ்வொரு வெப்சைட்டும் "நான்தான் அவன்" என்று காட்ட ஒரு சான்றிதழ் வைத்திருக்கும். அதில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதியிருக்கும். 2041-ல் உட்கார்ந்து பார்க்கிற போனுக்கு இன்றைக்கு உலகத்தில் இருக்கிற அத்தனை சான்றிதழும் காலாவதி. தேதியைச் சரி பண்ணிக் கொடுத்தேன், எல்லாம் வந்துவிட்டது. பையன் ஓடிவிட்டான். எனக்குத்தான் 1998-ம் கணக்கு மாமாவும் ஞாபகத்துக்கு வந்து ராத்திரி தூக்கம் போச்சு. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

அப்போ நான் காலேஜ் படித்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் எங்களுக்கு நாலு வீடு தள்ளி ஒரு மாமா. காந்தி மார்க்கெட்டில் ஒரு மளிகை மொத்த மண்டியில் முப்பது வருஷமாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். தினமும் காலையில் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து, சத்திரத்தில் இறங்கி, அங்கேயிருந்து நடந்தே போவார். தெருவில் எல்லோருக்கும் அவர் கணக்கு மாமா.

மண்டி முதலாளி செகண்ட் ஹாண்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். டாஸ் மெஷின். அதில் யாரோ தெரிந்த பையன் ஃபாக்ஸ்புரோவில் எழுதிக் கொடுத்த பில்லிங், பாக்கி, வட்டி புரோகிராம். கடைப் பையன் ஒருத்தன் டைப் அடிப்பான். மாமா பக்கத்து மேஜையில் வழக்கம்போல் பேரேடு எழுதிக்கொண்டிருப்பார். ரெண்டும் ஒரு வருஷம் சேர்ந்து ஓடட்டும், அப்புறம் பேரேட்டை நிறுத்திவிடலாம் என்று ஏற்பாடு.

ரெண்டும் சேர்ந்து ஓடவில்லை. கம்ப்யூட்டர் சிலருக்கு எக்கச்சக்கமாக வட்டி காட்டியது. மாமாவின் பேரேட்டில் அந்த வட்டி இல்லை. முதலாளி நேராக அந்த முடிவுக்கே வந்துவிட்டார்: வட்டி வசூலாகிறது, பேரேட்டில் ஏறவில்லை, நடுவில் பணம் எங்கேயோ போகிறது. வாய் விட்டுச் சொல்லவில்லை. "சாமி, கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். மாமா அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார். "நீ இதெல்லாம் படிக்கறயே, அது பொய் சொல்லுமாடா?"

"மெஷின் பொய் சொல்லாது மாமா. நாம என்ன சொல்றோமோ அதைத்தான் சொல்லும். நீங்க ஏதாவது கவனிச்சேளா?"

கவனித்திருந்தார். தகராறு வந்த கணக்குகளை எல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். எல்லாமே மாசத்தின் முதல் பன்னிரண்டு நாளுக்குள் எடுத்த லிஸ்ட். பதிமூணாம் தேதிக்கு மேல் ஒண்ணு கூடத் தகராறு இல்லை. "ஏண்டா அது என்ன, பன்னெண்டு வரைக்கும் பைத்தியம் பிடிச்சு அப்புறம் தெளியறது?"

எனக்கும் அப்போது புரியவில்லை. மறுநாள் அவரோடு மண்டிக்குப் போய்ப் பையன் கம்ப்யூட்டரைப் போடுவதை நின்று பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது.

அந்த மெஷினில் பேட்டரி செத்துப் போயிருந்தது. கம்ப்யூட்டரை அணைத்தாலும் உள்ளே கடிகாரம் ஓடுவதற்கு ஒரு சின்ன பேட்டரி உண்டு இல்லையா, அது. அது போய்விட்டால் ஒவ்வொரு தடவை போடும்போதும் மெஷின் 1980 ஜனவரி 1, செவ்வாய்க்கிழமை என்று கண் விழிக்கும். டாஸுக்குத் தெரிந்த காலமே அங்கேதான் ஆரம்பம். புரோகிராம் எழுதின பையன் புது பேட்டரி வாங்கிப் போடுவதற்குப் பதில், காலையில் தேதி கேட்கும்படி ஒரு வரி சேர்த்துவிட்டுப் போயிருக்கிறான். டாஸ் அமெரிக்கப் பிள்ளை. மாசம் முதலில், நாள் அப்புறம் என்று எதிர்பார்க்கும். நம்ம கடைப் பையன் நாளை முதலில் அடிப்பான், நாம எல்லோரும் எழுதுகிற மாதிரி.

ஜனவரி 9-ம் தேதி 09-01-98 என்று அடித்தால் டாஸ் அதை செப்டம்பர் 1 என்று வாங்கிக்கொள்ளும். முணுமுணுக்காது. பதிமூணாம் தேதி 13-01-98 என்று அடித்தால் பதிமூணாவது மாசம் கிடையாதே, தேதி தப்பு என்று திருப்பி அனுப்பும். "அப்ப மட்டும் மாத்திப் போட்டா ஏத்துக்கும்ணே" என்றான் பையன். பன்னிரண்டு வரைக்கும் மெஷின் கேட்காததால் இவனும் மாற்றவில்லை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

வட்டி எப்படி வந்தது? டிசம்பர் 20-ம் தேதி பத்தாயிரம் ரூபாய்க்கு ஒருத்தர் சரக்கு எடுத்திருக்கிறார். முப்பது நாள் தவணை, அதுக்கு மேல் நூற்றுக்கு ரெண்டு ரூபாய் வட்டி. ஜனவரி 9-ல் பார்த்தால் வட்டி பூஜ்யம். செப்டம்பர் 1-ல் பார்த்தால் 255 நாள் ஆச்சு. முப்பது போக 225 நாள், அதாவது ஏழரை மாசம், 1,500 ரூபாய் வட்டி. புரோகிராம் கணக்கில் ஒரு பைசா தப்பில்லை. தேதியை அச்சடிக்கும்போது மட்டும் நம்ம வழக்கப்படி 01/09/98 என்று அடித்திருக்கிறது. அவசரத்தில் பார்க்கிறவனுக்கு ஒன்பதும் ஒன்றும் இருக்கிறது, போதும். தேதியை யார் சார் பார்க்கிறார்கள், தொகையைத்தான் பார்ப்பார்கள்.

நான் விளக்கிச் சொன்னதும் முதலாளி கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம், "சரி சாமி, நாளைக்கு வழக்கம்போல வந்துடுங்க" என்றார். மாமா தலையை ஆட்டிவிட்டு வந்தார். மறுநாள் போகவில்லை. அதற்கப்புறமும் போகவில்லை.

இதில் எனக்கு ரொம்ப வருஷம் கழித்துத்தான் உறைத்த ஒரு விஷயம் இருக்கிறது. மாமாவின் பேரேட்டில் அன்றைய பக்கத்தின் தலைப்பு இப்படி: ஈஸ்வர வருஷம், மார்கழி 25, வெள்ளிக்கிழமை, பக்கத்தில் 9-1-98. கம்ப்யூட்டர் நம்பிக்கொண்டிருந்த 1998 செப்டம்பர் 1 செவ்வாய்க்கிழமை. மாமா தேதியைத் தப்பாக எழுதியிருந்தால் கிழமை காட்டிக் கொடுத்துவிடும். கிழமையும் தப்பினால் தமிழ் மாசம் காட்டிக் கொடுக்கும். ஒரே நாளை மூணு விதமாக எழுதி வைத்திருக்கிறார். மெஷினிடம் இருந்தது ஒரே ஒரு எண். அது தப்பினால் தட்டிக் கேட்க ஆளில்லை.

நம்ம கல்வெட்டுக்காரர்கள் இதைத்தான் பண்ணியிருக்கிறார்கள். ராஜாவின் ஆட்சி ஆண்டு இத்தனை, இன்ன மாசம், வளர்பிறையா தேய்பிறையா, இன்ன திதி, இன்ன கிழமை, இன்ன நட்சத்திரம். படிக்கும்போது எதுக்கய்யா இவ்வளவு என்று தோன்றும். கீல்ஹார்ன் என்ற ஜெர்மன்காரர் சோழ, பாண்டிய ராஜாக்களின் காலத்தைக் கணக்குப் போட்டது இந்தச் சின்னச் சின்ன தகவல்களை வைத்துத்தான். எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை 1922-ல் பெரிய பெரிய தொகுதிகளாகக் கொண்டுவந்த இந்தியன் எஃபிமெரிஸ் இதே வேலைக்குத்தான்: கி.பி. 700 முதல் 1799 வரை ஒவ்வொரு நாளுக்கும் கிழமை, திதி, நட்சத்திரம். கல்வெட்டில் இருக்கிற கிழமையும் நட்சத்திரமும் பொருந்தினால் அந்த வருஷம். பொருந்தவில்லையென்றால் வேற வருஷம், அல்லது வெட்டினவர் தப்பு விட்டிருக்கிறார், அல்லது கல்வெட்டே போலி. கம்ப்யூட்டர்காரர்கள் செக்சம் என்று சொல்வதை சோழர் காலத்துச் சிற்பி உளியால் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறான்.

அதுக்காக நம்ம முன்னோர்கள் எல்லாம் அப்பவே கண்டுபிடிச்சுட்டாங்க கோஷ்டியில் நான் சேர மாட்டேன். நம்மகிட்டயும் ஒரு பெரிய பக் இருக்கிறது. பிரபவ முதல் அட்சய வரை அறுபது வருஷம், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. நூற்றாண்டு என்கிற சங்கதியே கிடையாது. ரெண்டு இலக்க வருஷம் நூறில் சுற்றுகிறது, நம்முடையது அறுபதிலேயே சுற்றிவிடுகிறது. ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்த 1987 மார்ச் 25 அட்சய வருஷத்துப் பங்குனி. அறுபதில் கடைசி. மூணு வாரம் கழித்து மீட்டர் திரும்ப ஒன்றுக்கு வந்து பிரபவ பிறந்தது. அந்த 236 அடி கோபுரத்தைப் பற்றி எவராவது "அட்சய பங்குனியில்" என்று மட்டும் எழுதி வைத்தால், அடுத்த அட்சயவுக்கு அப்புறம் படிக்கிறவர் 1987-ஆ 2047-ஆ என்று முழிக்க வேண்டியதுதான்.

எங்கள் வீட்டிலேயே நடந்தது. பரண் மேல் டிரங்குப் பெட்டியில் ஒரு ஜாதகம். பேர் இருந்த இடத்தைப் பூச்சி அரித்திருந்தது. சித்ரபானு வருஷம், ஆவணி மாசம். 1882-ல் பிறந்த கொள்ளுத் தாத்தாவா, 1942-ல் பிறந்த பெரியப்பாவா? ரெண்டு பேருமே சித்ரபானு. குருவையும் சனியையும் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று நான் புத்திசாலித்தனமாகச் சொன்னேன். கணக்கு மாமா சிரித்தார். "அறுபது எங்கேர்ந்துடா வந்தது? குரு பன்னெண்டு வருஷத்துல ஒரு சுத்து, சனி முப்பதுல ஒரு சுத்து. அறுபது ஆனா ரெண்டு பேரும் அநேகமா பழைய எடத்துக்கே வந்துடுவா. மிஞ்சிப் போனா பக்கத்து ராசி. அவா ரெண்டு பேரையும் கேக்காதே, ராகுவைக் கேளு." ராகுவுக்கு ஒரு சுற்று பதினெட்டரை வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே. அறுபது வருஷத்தில் மூணு முழுச் சுற்றும் கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகவும் ஓடியிருக்கும். அதாவது கிட்டத்தட்ட மூணு ராசி தள்ளி நிற்கும். பார்த்தோம். பெரியப்பாவின் ஜாதகம். நூற்றாண்டு இலக்கத்தை ராகு தன் கையில் வைத்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

இந்தப் பிரச்சினை தெரிந்த ஒருத்தர் ஸ்ரீரங்கம் கோயிலில் வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறார். 1323-ல் டெல்லி படை வந்தபோது ஊரை விட்டுப் போன நம்பெருமாள், எங்கெங்கோ சுற்றி, விஜயநகரத்துக் கம்பணரின் ஆள் கோபணார்யர் மூலமாக செஞ்சியிலிருந்து திரும்பி வருகிறார். அதைச் சொல்லும் சமஸ்கிருதக் கல்வெட்டு கோயிலில் இருக்கிறது. வேதாந்த தேசிகர் எழுதியதாகச் சொல்வார்கள். அதில் வருஷம் பெயரால் இல்லை, சக ஆண்டால். அதையும் எண்ணாக வெட்டவில்லை. "பந்துப்ரியே" என்ற ஒரே சொல்லில் ஒளித்து வைத்திருக்கிறார். கடபயாதி முறையில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண். ப-வுக்கு (சமஸ்கிருதத்தில் மூணாவது ப) 3, து-வுக்கு (அங்கே நாலாவது த) 9, ர-வுக்கு 2, ய-வுக்கு 1. கூட்டெழுத்து என்றால் கடைசி மெய்க்குத்தான் மதிப்பு. பின்னாலிருந்து படித்தால் 1293. சக ஆண்டு 1293 என்றால் கி.பி. 1371-72. பந்துப்ரியே என்றால் உறவுக்குப் பிரியமானது. வருஷத்தின் எண்ணும் அதுவே, பெருமாள் வீடு திரும்பின சேதியும் அதுவே. அறுபது வருஷச் சுற்றில் அது மாட்டிக்கொள்ளவே முடியாது. நாற்பத்தெட்டு வருஷம் ஊரில் இல்லாத பெருமாள் என்று நாம் இன்றைக்குத் தைரியமாகச் சொல்கிறோம் என்றால் நாலு இலக்கத்தையும் முழுசாக எழுதினதால்தான்.

இப்போ மறுபடி மெஷினுக்கு வருவோம்.

ஒய்டூகே ஞாபகம் இருக்கும். பழைய காலத்தில் 80 பத்தி துளை அட்டையில் எல்லாவற்றையும் திணிக்க வேண்டியிருந்தது. 19 என்பதை எதற்கு ஒவ்வொரு தடவையும் எழுதணும் என்று வெட்டிவிட்டார்கள். நாமும் ரேஷன் கார்டு முதல் ரசீது வரைக்கும் 98, 99 என்றுதான் எழுதினோம். 1998, 99 வாக்கில் திருச்சியில் தெருவுக்குத் தெரு கோபால் சொல்லித் தந்தார்கள். எங்கள் பாட்டி, "யாருடா அந்த கோபால், அவனைப் படிச்சா அமெரிக்கா அனுப்பறாளாமே?" என்று கேட்டாள். நம்ம ஊர்ப் பையன்கள் நிறைய பேர் அந்த ரெண்டு இலக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் விமானம் ஏறினார்கள். வாத்தியார் சுஜாதா புண்ணியத்தில் கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று தமிழில் படித்துத் தெரிந்து வைத்திருந்த தலைமுறை வேற. இதே ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து ஜோசப் காலேஜுக்குப் போய்வந்த மனுஷர். 2008-ல் போயிட்டார். 2038 நெருங்கும்போது இருந்து எழுதியிருக்க வேண்டியவர்.

1999 டிசம்பர் 31, பிரமாதி வருஷம் மார்கழி. விடிந்தது. விமானம் விழவில்லை. உடனே எல்லோரும் "சும்மா பூச்சாண்டி காட்டிப் பணம் பண்ணிட்டாங்க" என்றார்கள். எனக்கு இதில் கோபமே உண்டு. ரெண்டு மூணு வருஷம் ராத்திரி பகலாக வரி வரியாகப் பார்த்துத் திருத்தினதால்தான் விழவில்லை. விழாத விமானத்துக்கு யார் மாலை போடுவார்கள்?

திருத்தாமல் விட்ட இடங்களில் என்ன ஆச்சு என்பதும் பதிவாகியிருக்கிறது. அமெரிக்கக் கடற்படை வானாய்வகம்தான் அந்த நாட்டுக்கே மணி சொல்கிற இடம். அதன் வெப்சைட்டே புது வருஷத்தை 19100 என்று காட்டியது. நியூயார்க் மாநிலத்தில் ஒரு வீடியோ கடையில் கேசட் திருப்பிக் கொடுத்தவருக்கு நூறு வருஷத் தாமதம் என்று 91,250 டாலர் அபராதம். கடைக்காரர் சிரித்துவிட்டுத் தள்ளுபடி பண்ணினார்.

சிரிக்க முடியாதது ஒன்று உண்டு. இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் நகரத்து நார்தர்ன் ஜெனரல் ஆஸ்பத்திரியில், கர்ப்பிணிகளின் ரத்தப் பரிசோதனையோடு தாயின் வயசையும் சேர்த்து, குழந்தைக்கு டவுன் நோய்க்குறி வர எவ்வளவு வாய்ப்பு என்று ஒரு புரோகிராம் சொல்லும். வயசு கூடினால் ஆபத்தும் கூடும். 2000 ஜனவரியிலிருந்து அந்தப் புரோகிராம் வயசைத் தப்பாகப் போட்டது. மே மாசம் வரைக்கும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. 154 பெண்களுக்குத் தப்பான பதில் போயிருக்கிறது. ஆபத்து குறைவு என்று சொல்லப்பட்டவர்களில் நாலு பேருக்கு அந்தக் குறையோடு குழந்தை பிறந்தது. ரெண்டு பேர் கர்ப்பத்தைக் கலைத்தார்கள். அந்த ஐந்து மாசமும் ஸ்கிரீனில் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. கணக்கு ஒழுங்காக முடிந்து ஒரு எண் வந்தது, அவ்வளவுதான். மண்டியில் வந்த 1,500 ரூபாய் மாதிரி.

தேதித் தப்பில் நின்று போகிற மெஷின் நல்ல மெஷின் என்பேன். அது அழுது காட்டிவிடும். 2022 ஜனவரி 1 அன்று மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வர்களில் மெயில் எல்லாம் உலகம் முழுக்கத் தேங்கி நின்றது. வைரஸ் தடுப்புப் பகுதி தேதியை 2201010001 என்று ஒரே எண்ணாக எழுதி, அதை 32 பிட் பெட்டிக்குள் போடப் பார்த்தது. அந்தப் பெட்டியில் 2147483647-க்கு மேல் அடங்காது. 21-ம் வருஷம் வரைக்கும் அடங்கியது, 22-ல் வழிந்துவிட்டது. அன்றைக்கு லீவில் இருந்த நெட்வொர்க் ஆசாமிகள் பாவம். ஆனால் உடனே தெரிந்தது, சரி பண்ணினார்கள்.

2010 ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் ஒரு வங்கியின் கார்டு மெஷின்கள் 2010-ஐ 2016 என்று நினைத்துக்கொண்டு, கார்டு எல்லாம் காலாவதி என்று கடைகளில் திருப்பி அனுப்பின. பத்து என்பதைப் பதின்ம இலக்கமாக 1, 0 என்று எழுதி வைத்ததைப் பதினாறின் அடிமானத்தில் படித்தால் 16 வரும். 2009 வரைக்கும் ரெண்டு விதமாகப் படித்தாலும் 9 ஒன்பதுதான், அதனால் வெளியே தெரியவில்லை. கடைப் பையனின் பன்னிரண்டாம் தேதி மாதிரியே ஒரு வரம்பு. அங்கே வரம்புக்கு உள்ளே தப்பு, இங்கே வரம்பைத் தாண்டினால் தப்பு.

எனக்குப் பிடித்தது ஏஓஎல்சர்வர் கதை. டேட்டாபேஸ் இணைப்பு எப்போதும் அறுந்துபோகக் கூடாது என்றால் காலக்கெடுவாக என்ன போடுவது? யாரோ ஒரு புண்ணியவான் நூறு கோடி செகண்ட் என்று போட்டு வைத்தார். முப்பத்தொண்ணரை வருஷம் சொச்சம். அது போதாதா சாஸ்வதத்துக்கு? 2006 மே 13, நம்ம ஊர் நேரம் காலை 6 மணி 57 நிமிஷம் 28 செகண்டுக்கு "இப்போது கூட்டல் நூறு கோடி" என்பது பெட்டியைத் தாண்டிப் போய் எதிர்மறை எண்ணாகிவிட்டது. என்றைக்கும் முடியாத கெடு, நூறு வருஷம் முன்னாடியே முடிந்துபோன கெடு ஆயிற்று. சர்வர்கள் விழுந்தன. 2038-க்கான விபத்து 32 வருஷம் முன்கூட்டியே வந்து ஹலோ சொல்லிவிட்டுப் போனது.

2038 என்ன என்று தெரியாதவர்களுக்கு: யூனிக்ஸ் வழி வந்த மெஷின்கள் 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து செகண்டை எண்ணிக்கொண்டே வருகின்றன. அறுபது வருஷப் பேர், மாசம் எதுவும் கிடையாது, வெறும் செகண்ட். அதை 32 பிட்டில் வைத்தால் 2147483647 செகண்டில் பெட்டி நிறைந்துவிடும்.

இந்த மாதிரிப் பெட்டிகள் எங்கெங்கோ இருக்கின்றன. ஜிபிஎஸ் சாட்டிலைட்டுகள் வாரத்தை 10 பிட்டில் எண்ணுவதால் 1024 வாரத்துக்கு ஒருமுறை, அதாவது 19.6 வருஷத்துக்கு ஒரு தரம், பூஜ்யத்துக்கு வந்துவிடும். 1999 ஆகஸ்டில் வந்தது. 2019 ஏப்ரலில் வந்தபோது நியூயார்க் நகராட்சியின் வயர்லெஸ் நெட்வொர்க் படுத்துவிட்டது. போயிங் 787 விமானத்தில் 248 நாள் தொடர்ந்து மின்சாரம் ஓடினால் ஜெனரேட்டர்களைக் கட்டுப்படுத்தும் பகுதிகள் ஒரே நேரத்தில் அணைந்துவிடும் அபாயம் இருப்பதாக 2015-ல் அமெரிக்க விமானத் துறை உத்தரவு போட்டது. செகண்டில் நூறில் ஒரு பங்காக எண்ணினால் 32 பிட் பெட்டி நிறைய 248 நாள்தான். இதில் ஒரு வேடிக்கை. நம்ம வாக்கியப் பஞ்சாங்கத்தில் சந்திரன் இருக்கிற இடத்தைக் கண்டுபிடிக்க வரருசியின் பேரில் வழங்கும் வாக்கியங்கள் எத்தனை தெரியுமா? 248. நாளுக்கு ஒன்று. 248 நாளில் சந்திரன் தன் வேக மாற்றத்தை ஒன்பது முறை முடித்துவிடும், மறுபடி முதல் வாக்கியம். அந்த வாக்கியங்களும் பந்துப்ரியே மாதிரி கடபயாதிதான். ரெண்டு 248-க்கும் சம்பந்தம் எதுவும் இல்லை, வெறும் தற்செயல். சொல்லாமல் இருக்க முடியவில்லை :-)

2038-க்கு வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. செல்போன், லேப்டாப் எல்லாம் பெரும்பாலும் 64 பிட்டுக்குப் போய்விட்டன. அந்தப் பெட்டி நிறைய 29,200 கோடி வருஷம் ஆகும். அக்கா பையன் 2041-க்குப் போயும் போன் சாகாமல் இருந்தது அதனால்தான். 32 பிட் மெஷின்களுக்கும் லினக்ஸ் கெர்னல் 2020-ல் 5.6 பதிப்பில் வழி பண்ணிவிட்டது. எனக்குக் கவலை அதெல்லாம் இல்லை. ஏதோ ஒரு மண்டியில், லாட்ஜில், பம்ப் செட்டில், லிஃப்டில், எவனோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பழைய பெட்டிகள்தான். அதில் பலது நின்றுபோகாது. ஒழுங்காக ஒரு எண்ணைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பக்கத்து மேஜையில் பேரேடு எழுத இப்போது யாரும் இல்லை.

கணக்கு மாமா 2009-ல் பரமபதித்தார். மண்டியை விட்டதற்கப்புறம் கடைசி வரைக்கும் வீட்டுச் செலவுக்கு ஒரு நோட்டு போட்டு எழுதிக்கொண்டிருந்தார். பால், காய்கறி, பஸ் டிக்கெட் எல்லாம். பக்கத்துக்குப் பக்கம் தலைப்பில் வருஷப் பேர், தமிழ் மாசம், கிழமை, இங்கிலீஷ் தேதி. 2000-க்கு அப்புறம் வருஷத்தை நாலு இலக்கமாக எழுத ஆரம்பித்திருக்கிறார். மாமி அந்த நோட்டுகளில் ரெண்டை எனக்குக் கொடுத்தார்.

போன வாரம் அதில் மிச்சமிருந்த ஒரு வெற்றுப் பக்கத்தில் அவர் பாணியிலேயே ஒரு தலைப்பு எழுதி வைத்தேன். பிங்கள வருஷம், தை மாசம், செவ்வாய்க்கிழமை, 19-1-2038, காலை மணி 8, நிமிஷம் 44, செகண்ட் 7. அடுத்த செகண்டில் பழைய மெஷின்களுக்கு எந்த நாள் என்பதையும் கீழே எழுதினேன்: பிலவ வருஷம், மார்கழி பிறக்கிற சமயம், சனிக்கிழமை, 14-12-1901, விடிகாலை 2 மணி 15 நிமிஷம் 52 செகண்ட். எழுதி முடித்த அப்புறம்தான் ஞாபகம் வந்தது, 1901-ல் இந்திய நேரம் என்றே ஒன்று கிடையாது. அது 1906-ல்தான் வந்தது. அப்போ திருச்சியில் கடிகாரம் மெட்ராஸ் டைம் காட்டியிருக்கும், ஒன்பது நிமிஷம் பின்னால். பேனாவை எடுத்து 2.15-ஐ அடித்துவிட்டு 2.06 என்று திருத்தினேன்.